தொண்ணூறு வரை எண்ணத் தெரிந்தால் போதும்: டென்மார்க்கின் சிவப்பு-பச்சைக் கூட்டணிக்கு ஒரு வழிகாட்டி

டேனிஷ் மொழி படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது எண்களில். தொண்ணூறுக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘ஹல்ஃபெம்ஸ்’. பிரித்துப் பார்த்தால் ‘நாலரை இருபது’ என்று வரும். வகுப்பில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. ஆனால் அந்நாட்டு அரசியலுக்குள் நுழையும் கதவின் சாவியும் அதே எண்தான். நாடாளுமன்றமான ஃபோல்கெதிங்கில் 179 இடங்கள். பாதியைத் தாண்ட 90 வேண்டும். ‘அவருக்குத் தொண்ணூறு வரை எண்ணத் தெரியும்’ என்று ஒரு தலைவரைப் பற்றிச் சொன்னால், ஆட்சியைக் காப்பாற்றத் தெரிந்தவர் என்று பொருள்.

டென்மார்க்குக்குப் புதிதாக வந்து, தொலைக்காட்சியில் பத்துப் பன்னிரண்டு கட்சிகளைப் பார்த்துத் தலை சுற்றி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாக் கட்சிகளையும் இங்கே எடுத்துக்கொள்ளப் போவதில்லை. இடது ஓரத்தில் இருக்கும் ‘என்ஹெட்ஸ்லிஸ்டன்’ என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் மற்றவையும் தாமாக விளங்கும். அதன் பெயருக்கு ‘ஒற்றுமைப் பட்டியல்’ என்று பொருள். கூடவே ‘சிவப்பு-பச்சையினர்’ என்றும் போட்டுக்கொள்வார்கள்.

முதல் படி: பெயர்களை நம்பாதீர்கள், எழுத்துகளை நம்புங்கள்

‘வென்ஸ்த்ர’ என்றொரு கட்சி இருக்கிறது. அகராதியைப் புரட்டினால் ‘இடது’ என்று இருக்கும். அதை நம்பி இடதுசாரிக் கட்சி என்று நினைத்துவிட்டால் கதை கந்தலாகிவிடும். 19ஆம் நூற்றாண்டில் பண்ணையார்களும் உயர் அதிகாரிகளும் நிறைந்த ‘வலது’ கட்சியை எதிர்த்து விவசாயிகள் திரண்டபோது வைத்த பெயர் அது. அந்த ‘வலது’ பெயரை மாற்றிக்கொண்டது. ‘இடது’ தன் பெயரை விடாமல் வைத்துக்கொண்டு வலதுசாரிக் கட்சியாகிவிட்டது. 1905இல் அதிலிருந்து பிரிந்த ‘ராடிகாலே வென்ஸ்த்ர’, அதாவது ‘தீவிர இடது’, இன்று நடுவில் நிற்கும் மிதவாதக் கட்சி. தீவிரமும் இல்லை, இடதும் இல்லை.

எனவே பெயர்களை விட்டுவிட்டு, வாக்குச்சீட்டில் ஒவ்வொரு கட்சிக்கும் தரப்படும் எழுத்தைப் பழகிக்கொள்ளுங்கள். சமூக ஜனநாயகக் கட்சிக்கு ‘ஏ’. சோஷலிச மக்கள் கட்சிக்கு ‘எஃப்’. செய்திகளில் அதை எஸ்எஃப் என்பார்கள். தீவிர இடதுக்கு ‘பி’. நம் ஒற்றுமைப் பட்டியலுக்கு, வட்டத்தின் குறுக்கே சாய்கோடு கிழித்தாற்போல் இருக்கும் டேனிஷ் எழுத்து. அந்த ஒற்றை எழுத்தே டேனிஷில் ‘தீவு’ என்ற சொல்லும் ஆகும். ஒற்றுமையின் பெயர் தாங்கிய கட்சிக்குத் தீவு சின்னமாக அமைந்தது நல்ல வேடிக்கை.

இரண்டாம் படி: யார் யார் சேர்ந்தார்கள் என்று பாருங்கள்

1989இல் மூன்று சிறு கட்சிகள் ஒரே பட்டியலில் நிற்பதென்று முடிவு செய்தன. 1919இல் தோன்றிய டென்மார்க் கம்யூனிஸ்ட் கட்சி ஒன்று. 1967இல் எஸ்எஃப்பிலிருந்து உடைந்து வந்த இடது சோஷலிஸ்டுகள் இன்னொன்று. ட்ராட்ஸ்கியவாதிகளின் சோஷலிசத் தொழிலாளர் கட்சி மூன்றாவது. 1991இல் மாவோயிஸ்டுகளும் வந்து சேர்ந்தார்கள். இடதுசாரி இயக்க வரலாறு தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே தெருவில் நடந்தால்கூட எதிரெதிர் ஓரமாகப் போகிற கூட்டம் இது.

கொள்கைக் கனிவு மட்டும் இவர்களைச் சேர்த்துவிடவில்லை. ஃபோல்கெதிங்கில் நுழைய நாடு முழுவதும் குறைந்தது 2 சதவீத வாக்கு வேண்டும். தனித்தனியாக நின்றால் ஒருவருக்கும் அது எட்டாது. சேர்ந்து நின்றும் 1990 தேர்தலில் 1.7 சதவீதமே கிடைத்தது. ஓர் இடமும் இல்லை. 1994இல் 3.1 சதவீதம், 6 இடங்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் உள்ளே இருக்கிறார்கள். தேர்தலுக்காகப் போட்ட பட்டியல் மெல்ல மெல்ல ஒரே கட்சியாக இறுகிவிட்டது. இன்று அதில் சேரும் இளைஞர்களில் பலருக்கு அந்தப் பழைய கட்சிகளின் பெயர்கூடத் தெரியாது.

தொகுதிப் பங்கீடு என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். விகிதாசார முறை. டென்மார்க்குக்குரிய 175 இடங்களில் 135 இடங்கள் வட்டார வாரியாகப் பிரிக்கப்படுகின்றன. மீதி 40, நாடு தழுவிய வாக்கு விகிதத்தைச் சரிக்கட்டுவதற்கு. ஃபாரோ தீவுகளுக்கு 2, கிரீன்லாந்துக்கு 2 சேர்த்து 179. யாருக்கு எந்தத் தொகுதி என்று தேர்தலுக்கு முன் மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்பதால் கூட்டணிப் பேரம் முழுவதும் தேர்தலுக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மூன்றாம் படி: ‘வெளியிலிருந்து ஆதரவு’ என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் போவோம். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான் சுழல்கிறது.

டென்மார்க்கில் பிரதமராவதற்குப் பெரும்பான்மை ஆதரவை அவையில் நிரூபிக்க வேண்டியதில்லை. பெரும்பான்மை உங்களுக்கு எதிராகத் திரளாமல் இருந்தால் போதும். 1953 அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு சொல்வதும் இதைத்தான்: அவை நம்பிக்கையில்லை என்று வாக்களித்தால் அமைச்சர் பதவியில் நீடிக்க முடியாது. அப்படி வாக்களிக்காத வரைக்கும் நீடிக்கலாம். அதனால்தான் அந்நாட்டில் சிறுபான்மை அரசுகள் இவ்வளவு சகஜம். அமைச்சரவையில் உட்காராமல், ஆனால் கவிழ்க்கவும் செய்யாமல் நிற்கும் கட்சியை ‘ஆதரவுக் கட்சி’ என்கிறார்கள். ஆட்சிக் கணக்கில் ஒற்றுமைப் பட்டியல் வந்தபோதெல்லாம் இந்த வேடத்தில்தான் வந்திருக்கிறது. அதன் பலம் அது வெல்லும் இடங்களில் மட்டும் இல்லை. அந்த இடங்கள் இல்லாவிட்டால் 90 கூடுமா என்ற கேள்வியில் இருக்கிறது.

1994ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். சமூக ஜனநாயகக் கட்சியின் போல் நியூரூப் ராஸ்முசென் தலைமையில் மூன்று கட்சிகள் அரசமைத்தன. அவர்களிடம் இருந்தது 75. எஸ்எஃப்பின் 13ஐச் சேர்த்தால் 88. புதிதாக நுழைந்த இந்த 6 பேரையும் சேர்த்தால் 94. ஃபாரோ, கிரீன்லாந்து உறுப்பினர்களைச் சேர்க்காத கணக்கு இது. 3.1 சதவீதக் கட்சி எப்படிக் கணக்கில் வருகிறது என்று பார்த்தீர்களா?

நியூரூப் ஆட்சிக்கு வந்த கதையில் தமிழருக்கு நேரடிப் பங்கு உண்டு என்பது இங்கே புதிதாக வருகிற பலருக்குத் தெரியாது. 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சென், இலங்கைத் தமிழ் அகதிகள் தங்கள் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளக் கொடுத்த விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். சட்டம் அவர்களுக்குத் தந்திருந்த உரிமை அது. விவகாரம் வெளியே வந்தபோது, 1989இல் பிரதமர் போல் ஷ்லூட்டர் அவையில் எழுந்து, கம்பளத்துக்கு அடியில் எதையும் கூட்டித் தள்ளவில்லை என்றார். அந்த வாக்கியம் டேனிஷில் பழமொழிபோல் நிலைத்துவிட்டது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஹார்ன்ஸ்லெட் விசாரித்துத் தந்த அறிக்கை 1993 ஜனவரி 14 அன்று வெளியானது. அன்றே ஷ்லூட்டர் பதவி விலகினார். நின்-ஹான்சென் 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றத்தில் நான்கு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். டேனிஷ் வரலாற்றில் இதற்கு ‘தமிழர் வழக்கு’ என்றே பெயர். பத்தாண்டு வலதுசாரி ஆட்சி அதோடு முடிந்தது.

இனி ஆதரவு தருவதில் உள்ள சிக்கலுக்கு வருவோம். கட்சிக்குள் ஒரு பழைய வாய்பாடு உண்டு: மிகச் சிறிய முன்னேற்றமானாலும் ஆதரித்து வாக்களிப்போம், மிகச் சிறிய பின்னடைவானாலும் எதிர்த்து வாக்களிப்போம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே மசோதாவில் முன்னேற்றம் மூன்றும் பின்னடைவு இரண்டும் இருந்தால் என்ன செய்வது? பட்ஜெட் என்றாலே அப்படித்தானே இருக்கும்?

இந்தக் கேள்வியில் ஒரு கட்சி உடைந்தே போயிருக்கிறது. 1967 டிசம்பரில், சமூக ஜனநாயக அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவு தந்துவந்த எஸ்எஃப்பின் உறுப்பினர்கள் ஆறு பேர், தொழிலாளர்களின் விலைவாசிப் படியை நிறுத்திவைக்கும் திட்டத்தை எதிர்த்து வாக்களித்தார்கள். அரசு கவிழ்ந்தது. அவர்கள் பிரிந்து தொடங்கியதுதான் மேலே சொன்ன இடது சோஷலிஸ்டுகள் கட்சி. ஒற்றுமைப் பட்டியலின் இரத்தத்தில் அந்த ஆறு பேரின் கோபமும் ஓடுகிறது.

2011 இன்னும் நல்ல பாடம். ஹெல்லே தோர்னிங்-ஷ்மிட் பிரதமரானார். எஸ்எஃப் இம்முறை அமைச்சரவைக்குள்ளேயே போனது. ஒற்றுமைப் பட்டியல் வெளியே நின்றது. 2007இல் 4 இடங்கள் வைத்திருந்தது, இப்போது 12. யோஹான்னெ ஷ்மிட்-நீல்சென் என்ற 27 வயதுப் பெண் அதன் முகமாக இருந்தார். வெளியே நின்றவர்களுக்கும் நிம்மதி கிடைக்கவில்லை. 2012 பட்ஜெட்டுக்கு வாக்களித்தார்கள். ஆனால் அதே ஆண்டு ஜூனில், வரிச் சீர்திருத்தப் பேச்சில் அவர்களை விட்டுவிட்டு, பிரதமர் வலதுசாரிகளோடு கைகுலுக்கிவிட்டார். உள்ளே போன எஸ்எஃப்பின் கதி இதைவிட மோசம். அரசு மின்சக்தி நிறுவனத்தின் பங்குகளை கோல்ட்மன் சாக்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கிக்கு விற்கும் முடிவில் கட்சியே கலங்கி, 2014 ஜனவரியில் அரசைவிட்டு வெளியேறியது. 2015 தேர்தலில் அதன் வாக்கு 9.2இலிருந்து 4.2 சதவீதத்துக்குச் சரிந்தது. ஒற்றுமைப் பட்டியல் 6.7இலிருந்து 7.8க்கு ஏறி 14 இடங்கள் பெற்றது.

இதை வைத்து வெளியே நிற்பதே புத்திசாலித்தனம் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். 2022 நவம்பர் 1 தேர்தலைப் பாருங்கள். இடது பக்கக் கட்சிகளின் ‘சிவப்பு அணி’க்கு டென்மார்க்கில் 87 இடங்கள். கிரீன்லாந்தின் 2, ஃபாரோவின் 1 சேர்ந்து சரியாக 90. நாலரை இருபது! ஆனாலும் மெட்டே ஃபிரெடெரிக்சன் அந்த 90ஐ வைத்து ஆட்சி அமைக்கவில்லை. ஆறு வாரம் பேசிவிட்டு, வென்ஸ்த்ரயோடும் ‘மிதவாதிகள்’ என்ற புதிய நடுநிலைக் கட்சியோடும் சேர்ந்து அணி தாண்டிய பெரும்பான்மை அரசு அமைத்தார். 9 இடங்களோடு ஒற்றுமைப் பட்டியல் எதிர்வரிசைக்குப் போனது. அந்த அரசு 2023இல் ‘பெரிய பிரார்த்தனை நாள்’ என்ற பொது விடுமுறையை ரத்து செய்தபோது எதிர்த்துக் குரல் கொடுக்க முடிந்ததே தவிர, தடுக்க முடியவில்லை. வெளியிலிருந்து தரும் ஆதரவு யாருக்காவது தேவைப்படும் வரைதான் அதற்கு மதிப்பு.

நான்காம் படி: எந்தத் தாளை, எந்த மாதத்தில் படிப்பது

தேர்தல் முடிந்தவுடன் கட்சிகள் ஒவ்வொன்றாக அரண்மனைக்குப் போய், ஆட்சிப் பேச்சை யார் நடத்த வேண்டும் என்று பரிந்துரைக்கும். அரசி மார்கரெத்தே இருந்தவரை அதற்கு ‘அரசிச் சுற்று’ என்று பெயர். 2024 ஜனவரியில் அவர் முடி துறந்த பிறகு ‘அரசர் சுற்று’. இதில் ஒற்றுமைப் பட்டியல் யார் பெயரைச் சொல்கிறது, என்ன நிபந்தனையோடு சொல்கிறது என்று கவனியுங்கள்.

பிறகு எழுத்துப்பூர்வ உடன்பாடு. 2019 இதற்குச் சிறந்த மாதிரி. ஜூன் 5 தேர்தல். ஜூன் 25 இரவு சமூக ஜனநாயகக் கட்சி, தீவிர இடது, எஸ்எஃப், ஒற்றுமைப் பட்டியல் நான்கும் 18 பக்கப் புரிந்துணர்வுத் தாளை வெளியிட்டன. பசுங்குடில் வாயுக்களை 1990 அளவிலிருந்து 2030க்குள் 70 சதவீதம் குறைப்பது என்ற இலக்கு அதில் இருந்தது. அடுத்த ஆண்டு அது சட்டமும் ஆயிற்று. ஃபிரெடெரிக்சன் தம் ஒரே கட்சியைக் கொண்டு அரசமைத்தார். மற்ற மூன்றும் வெளியே நின்றன. இப்படியொரு தாள் வந்தால் ஒரு மாலை ஒதுக்கி வாசியுங்கள். ‘செய்யும்’ என்று எங்கே இருக்கிறது, ‘ஆராயும்’ என்று எங்கே இருக்கிறது என்று பென்சிலால் கோடிட்டாலே பாதி அரசியல் புரிந்துவிடும்.

அதன் பிறகு ஆண்டுதோறும் வருவது பட்ஜெட். ஆகஸ்ட் இறுதிக்குள் வரைவு வரும். அக்டோபர் முதல் செவ்வாய்க்கிழமை அவை கூடும். நவம்பரில் இரவிரவாகப் பேச்சு, டிசம்பரில் இறுதி வாக்கெடுப்பு. வேலைக்குப் போய்வந்து எல்லாச் செய்தியையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த நான்கு மாதத்தை மட்டும் பார்த்தால் போதும்.

ஐந்தாம் படி: தலைவர் யார் என்று தேடாதீர்கள்

அப்படி ஒருவர் இல்லை. கூட்டுத் தலைமை, வெளியில் பேசுவதற்கு ஓர் ‘அரசியல் பேச்சாளர்’. ஷ்மிட்-நீல்செனுக்குப் பிறகு 2016இல் பெர்னில்லே ஸ்கிப்பர், 2021இல் மாய் வில்லாட்சென், 2023இல் பெல்லே டிராக்ஸ்டெட். நாடாளுமன்ற உறுப்பினர்கள் தம் சம்பளத்தில் திறன் பெற்ற தொழிலாளி ஒருவரின் ஊதிய அளவை வைத்துக்கொண்டு, மீதியைக் கட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். தொடர்ந்து ஏழாண்டுக்கு மேல் அவையில் இருக்கக்கூடாது என்றும் தொடக்கத்தில் விதி வைத்திருந்தார்கள். நல்ல பேச்சாளர்கள் பழகி முடிக்கும்போது வெளியேற நேர்ந்ததால் பின்னாளில் அதைத் தளர்த்தினார்கள்.

ஆறாம் படி: உங்கள் சொந்த வாக்கு

ஃபோல்கெதிங் தேர்தலில் வாக்களிக்க டேனிஷ் குடியுரிமை வேண்டும். ஆனால் நகராட்சி, பிராந்தியத் தேர்தல்களுக்கு அது தேவையில்லை. 18 வயதாகி, நான்கு ஆண்டுகள் தொடர்ந்து இங்கே வசித்திருந்தால் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரும் வாக்களிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு அந்தக் காத்திருப்பும் இல்லை. நான்காண்டுக்கு ஒருமுறை நவம்பர் மூன்றாம் செவ்வாய்க்கிழமை. கடைசியாக 2025 நவம்பர் 18. தகுதி இருந்தால் அட்டை தானாக வரும். வராவிட்டால் நகராட்சியைக் கேளுங்கள்.

வாக்குச்சாவடி பெரும்பாலும் பக்கத்துப் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடமாக இருக்கும். பெரிய நகரமென்றால் வாக்குச்சீட்டு ஒரு மேசைவிரிப்பு அளவுக்கு நீளும்; மறைப்புக்குள் அதை விரித்துப் பிடிக்கவே இரண்டு கை வேண்டும். முதல் முறை போன என் நண்பர் ஒருவர் பழக்கதோஷத்தில் ‘சரி’ அடையாளம் போட்டுவிட்டு வந்தார். செல்லாது. ஒரே ஒரு பெருக்கல் குறி மட்டுமே போட வேண்டும். தவறு செய்துவிட்டால், பெட்டியில் போடுவதற்கு முன் கேட்டு வேறு சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பெயருக்கு நேரே போடுவதா, எழுத்துக்கு நேரே போடுவதா? நாடாளுமன்றத் தேர்தலில் ஒற்றுமைப் பட்டியல் தன் வேட்பாளர்களைக் கட்சி தீர்மானித்த வரிசையில் நிறுத்துவது வழக்கம் என்பதால், தனிநபருக்குப் போடும் வாக்கு அந்த வரிசையை எளிதில் மாற்றிவிடாது. எழுத்துக்குப் போட்டாலும் பெரிய வித்தியாசமில்லை.

நகராட்சித் தேர்தலில் கவனிக்க வேண்டியது வேறு: ‘தேர்தல் ஒப்பந்தம்’. இரண்டு மூன்று கட்சிகள் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால், முதலில் அவற்றின் வாக்குகள் ஒரே கட்சியின் வாக்குகளாக எண்ணப்படும். பிறகு கிடைத்த இடங்களைத் தமக்குள் பிரித்துக்கொள்ளும். ஒரு கற்பனை ஊரில் 5 இடங்கள் என்று வைப்போம். சமூக ஜனநாயகக் கட்சிக்கு 4000 வாக்குகள், பழமைவாதிகளுக்கு 1600, ஒற்றுமைப் பட்டியலுக்கு 1500, எஸ்எஃப்புக்கு 1200. ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் 1, 2, 3 என்று வகுத்துக்கொண்டே போய், மிகப் பெரிய ஐந்து ஈவுகளுக்கு இடம் தருவார்கள். தனித்தனியாக நின்றால் 4000, 2000, 1600, 1500, 1333. சமூக ஜனநாயகக் கட்சிக்கு 3, பழமைவாதிகளுக்கு 1, ஒற்றுமைப் பட்டியலுக்கு 1, எஸ்எஃப்புக்குப் பூஜ்யம். பின்னவை இரண்டும் ஒப்பந்தம் போட்டிருந்தால் சேர்ந்து 2700, அதில் பாதி 1350. 1333ஐ அது முந்திவிடுகிறது. பெரிய கட்சிக்கு ஓர் இடம் குறைந்து, எஸ்எஃப்புக்கு ஒன்று கிடைக்கிறது. வாக்களிக்கப் போகுமுன் உங்கள் ஊரில் யார் யாரோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள் என்று நகராட்சியின் அறிவிப்பில் பாருங்கள். நீங்கள் ஒருவருக்குப் போடும் வாக்கு இன்னொருவரை உள்ளே கொண்டுவரலாம்.

வாக்கு எண்ணி முடிந்த பிறகும் தூங்கப் போய்விடாதீர்கள். 2021இல் கோபன்ஹேகனில் 24.6 சதவீதம் வாங்கி ஒற்றுமைப் பட்டியல் முதலிடத்தில் வந்தது. மற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். தலைமை மேயர் பதவி வழக்கம்போல் சமூக ஜனநாயகக் கட்சிக்கே போனது. 2025இலும் ஒற்றுமைப் பட்டியல்தான் நகரத்தில் முதலாவது. இம்முறை சமூக ஜனநாயகக் கட்சியின் நூறாண்டுப் பிடி விட்டுப்போனது. ஆனால் மேயர் நாற்காலியில் அமர்ந்தவர் எஸ்எஃப்பின் சிஸ்ஸெ மரீ வெல்லிங்.